‘ஒரே ஒரு வாய்’ வேண்டாமே!

வெளிநாட்டில் வைத்தியம் முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் குடும்பத்தை வரவேற்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. விமான நிலையத்துக்கு இரண்டு கார் போகும். வாசலில் ஆரத்தி தயாராக இருக்கும். முதல் ஒரு வாரம் அந்த வீட்டில் அடுப்பே மூட்ட வேண்டாம். எவர்சில்வர் டப்பாக்கள் மாடிப்படி ஏறிக்கொண்டே இருக்கும். இருதய ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவருக்கு இதெல்லாம் பெரிய ஒத்தாசை. ஆனால் சாப்பிடக் கற்றுக்கொண்டு திரும்பியிருக்கும் ஒரு குழந்தைக்கு இதே உபசாரம் இடைஞ்சலாக முடியும். பெற்றோர் மூன்று வாரம் பாடுபட்டுப் பெற்றதை நாம் மூன்று நாளில் கெடுத்துவிடக்கூடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

“சாப்பிடக் கற்றுக்கொள்ள ஆஸ்திரியா போவார்களா? இங்கே என்ன சோற்றுக்குப் பஞ்சமா?” என்று நம் சங்க வட்டாரத்திலேயே சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர், விஷயம் தெரியாதவர்கள். அந்தக் குடும்பம் இங்கே மும்பையில் நம்மிடையே இருப்பதுதான். பெயர் வேண்டாம். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. பிழைத்ததே பெரிது என்று டாக்டர்கள் சொன்ன குழந்தை. மூன்று வயதுவரை அது வாயால் ஒரு பருக்கை தின்றதில்லை. முதலில் மூக்கு வழியாகக் குழாய், பிறகு வயிற்றில் துளையிட்டு வைத்த குழாய். பால், மருந்து, தண்ணீர் எல்லாம் அதன் வழியேதான்.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் தாளம் தப்பாமல் சேர்த்துச் செய்யும் திறமை கருவில் ஏறக்குறைய 34ஆம் வாரத்தில்தான் கூடிவருகிறது. அதற்கு முன்பே பிறந்துவிட்ட சிசு பாலை விழுங்கப்போய் அது மூச்சுக் குழலுக்குள் போகலாம். ஆகவே குழாய். இதில் தவறே இல்லை. குழாய் இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகளில் பலர் இன்று இல்லை. நீண்ட நாள் தேவைப்படும் என்றால் மூக்கை விட்டுவிட்டு வயிற்றுக்கே நேராக வழி செய்கிறார்கள். பெரிய அறுவை இல்லாமல் எண்டோஸ்கோப் துணையோடு வயிற்றில் குழாய் பொருத்தும் முறையை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கௌடரர், பொன்ஸ்கி என்ற இரு டாக்டர்கள் முதன்முதலாகச் செய்தார்கள். முதல் நோயாளியே ஒரு கைக்குழந்தைதான்.

சிக்கல் பிறகு வருகிறது. நுரையீரல் தேறிவிடும், விழுங்கும் திறனும் வந்துவிடும். ஆனால் குழந்தை சாப்பிடாது. ஏன் சாப்பிட வேண்டும்? அதற்குப் பசி என்றால் என்னவென்றே தெரியாது. கடிகாரத்தைப் பார்த்து மூன்று மணிக்கொரு முறை வயிறு தானாக நிரம்புகிறது. பல வீடுகளில் இரவு முழுவதும் பம்பு வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் இறங்குகிறது. வாயைப் பொறுத்தவரை அதற்குத் தெரிந்ததெல்லாம் குழாய் செருகியது, சளி உறிஞ்சியது, பிளாஸ்டர் பிய்த்தது. கரண்டி அருகில் வந்தாலே குமட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வாந்தி எடுக்கும் குழந்தைகளும் உண்டு. உடம்பில் குறையில்லை, ஆனாலும் குழாயை விட முடியவில்லை என்ற இந்த நிலையைக் குழாய்ச் சார்பு என்கிறார்கள்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் மார்கரீட் டூனிட்ஸ்-ஷேயர், பீட்டர் ஷேயர் என்ற டாக்டர் தம்பதி இதற்கென்றே ஒரு முறையை வளர்த்தார்கள். உலகின் பல நாடுகளிலிருந்து பெற்றோர்கள் அங்கே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழாய் வழியே கொடுப்பதை டாக்டர் மேற்பார்வையில் வேகமாகக் குறைப்பார்கள். பசி என்ற ஒன்று குழந்தைக்கு வாழ்வில் முதன்முறையாகத் தலைகாட்டும். தினமும் ஒரு வேளை, தரையில் விரிப்புப் போட்டு, நடுவில் பலவகைத் தின்பண்டங்களைப் பரப்பிவிட்டு, குழந்தைகளை அதன் நடுவில் விட்டுவிடுவார்கள். இதற்கு ‘ப்ளே பிக்னிக்’ என்று பெயர். பிசையலாம், நசுக்கலாம், தலையில் தேய்த்துக்கொள்ளலாம், எதிரே இருக்கும் குழந்தையின் மூக்கில் அப்பலாம். பெரியவர்களுக்கு ஒரே விதி: ஊட்டக் கூடாது, நீட்டக் கூடாது, ‘சாப்பிடேன்’ என்று கெஞ்சக் கூடாது. 200க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2010இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குழாயை விட்டுவிட்டதாகவும், சராசரியாக மூன்று வாரமே பிடித்ததாகவும் கண்டிருந்தது. பிறகு அந்த முறை இணையம் வழியாகவும் கற்பிக்கப்பட்டது.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் கென்னடி கிரீகர் போன்ற இடங்களில் வேறு வழி: இத்தனை கரண்டி என்று அளந்து, வாங்கிக்கொண்டால் பாராட்டு, விளையாட்டுச் சாமான் என்று படிப்படியாகப் பழக்குவார்கள். எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இரு பக்கத்தாரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். வீட்டுக்குப் போனபின் யார், எப்படி, என்ன சொல்லிச் சாப்பாடு வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் நிற்கிறது.

அந்த வீட்டைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

குழந்தை வந்த மூன்றாம் நாள் அங்கே கூடியிருந்தவர்கள் பதினோரு பேர். எல்லோர் கண்ணும் ஒரு சின்ன வாயின்மேல். குழந்தை ஒரு உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து நக்கிற்று. உடனே ஒரு கைதட்டல். பயந்துபோய்க் கீழே போட்டுவிட்டது. “ஐயோ, சிப்ஸா கொடுக்கிறாய்? மிளகு ரசம் சாதம் குழைய மசித்து நெய் விட்டுக் கொடு, பேஷாகச் சாப்பிடும்” என்று ஒரு மாமி. “என் பேரன்கூட இப்படித்தான், நாலு நாள் நான் ஊட்டினேன், சரியாகிவிட்டது” என்று இன்னொருவர். “குடல் ஏறியிருக்கும், எண்ணெய் தடவி இறக்கிவிட்டால் போயிற்று” என்று ஒரு பெரியம்மா. பிறகு ஆரம்பித்தது அந்த மந்திரம்: பாட்டிக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய், காக்காய்க்கு ஒரு வாய், ஒரே ஒரு வாய்டி கண்ணு, என் தங்கம் இல்லையா! குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டது. அன்று இரவு வரை ஒன்றையும் தொடவில்லை.

அத்தனையும் அன்புதான், சந்தேகமே இல்லை. நம் வீடுகளில் பாசத்தைக் காட்ட நமக்குத் தெரிந்த முதல் பாஷையே சோறுதான். ‘சாப்பிட்டாயா’ என்று கேட்காமல் நாம் யாரையும் விசாரிப்பதில்லை. ஆனால் சாதாரணக் குழந்தைகளிடமே இந்த வற்புறுத்தல் எடுபடுவதில்லை என்பது ஆராய்ந்து பார்த்த விஷயம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில் பள்ளிக்கூடம் போகாத வயதுப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்தார்கள். ஒரு வகை சூப்புக்கு மட்டும் ‘குடித்து முடி, குடித்து முடி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வற்புறுத்தாதபோதே பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றி அதிகம் குறை சொன்னார்கள். நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கே இப்படி என்றால், கரண்டியைக் கண்டாலே குமட்டிய பிள்ளைக்கு?

இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. க்ளாரா டேவிஸ் என்ற பெண் டாக்டர் 1920களில் தாய்ப்பால் மறந்த கைக்குழந்தைகளுக்கு முன்னால் 30க்கும் மேற்பட்ட எளிய உணவு வகைகளிலிருந்து தட்டுத் தட்டாக வைத்தார். நர்ஸ் கரண்டியோடு பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை கையை நீட்டினாலோ சுட்டினாலோ மட்டும் எடுத்துத் தரலாம். இதைச் சாப்பிடு என்று சொல்லக் கூடாது, இது வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. மொத்தம் 15 குழந்தைகள், சிலர் ஆண்டுக்கணக்கில். ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகத் தின்றது. எல்லாம் நன்றாக வளர்ந்தன. ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் மீன் எண்ணெய் வைத்தார்கள். நோய் தீரும்வரை அது தானாகவே அவ்வப்போது எடுத்துக் குடித்தது, தீர்ந்ததும் நிறுத்திவிட்டது! ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தட்டில் வைத்தவற்றில் சர்க்கரைப் பண்டம், டப்பா உணவு எதுவும் கிடையாது. என்ன வைப்பது என்பது பெரியவர் கையில், எவ்வளவு தின்பது என்பது குழந்தை கையில். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பின்னாளில் இதையே பெற்றோருக்கான விதியாக வகுத்தார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் ஜீரணிக்க முடியாதது ஒன்று உண்டு. சோற்றோடு விளையாடுவது. அன்னம் லட்சுமி, ஒரு பருக்கை சிந்தினாலும் பொறுக்கி எடுக்கச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதோடு எச்சில், பத்து என்ற ஆசாரம் வேறு. தயிர்சாதத்தை ஒரு குழந்தை தரையில் பூசி, அதன்மேல் தவழ்ந்து போவதைப் பார்த்து அந்த வீட்டுப் பாட்டி கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். பஞ்சம் பார்த்த தலைமுறையின் மரியாதை அது. ஆனால் கணக்குப் பார்ப்போம். ஒரு கைப்பிடி சாதம் வீணாகிறது. அதற்குப் பதிலாக, சோறு என்றால் பிசுபிசுப்பு, வெதுவெதுப்பு, வாசனை, உப்பு என்று மூன்று வயதில் முதன்முறையாக ஒரு குழந்தையின் விரல்கள் தெரிந்துகொள்கின்றன. கையால் பிசைந்து தின்னும் நமக்கு இது புரியாமல் போகலாமா? கரண்டியும் முள்ளும் பிடிக்கிற தேசத்தார் விரிப்புப் போட்டு, கையை விட்டுத் துழாவு என்று கற்றுத்தர வேண்டியிருக்கிறது. நமக்குத் தரையும் இருக்கிறது, இலையும் இருக்கிறது, கையும் இருக்கிறது. பழைய பேப்பரை விரித்து அதன்மேல் ஒரு வாழை இலை போட்டால் போதுமே.

நம் வழக்கத்திலேயே இரண்டு பக்கமும் இருக்கின்றன என்பதற்குப் பாலாடை நல்ல உதாரணம். பாட்டி காலத்து வெள்ளிப் பாலாடையை இன்று இந்தியாவில் பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்டப் பயன்படுத்துகிறார்கள். நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, குழந்தை தானாக உறிஞ்சி விழுங்கக் காத்திருந்து, மெல்லக் கொடுப்பார்கள். அதே பாலாடையைக் காலில் போட்டு, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் ஊற்றுகிற வழக்கமும் நம் வீடுகளில் இருந்தது. பாத்திரம் ஒன்றுதான். முதலாமவர் குழந்தைக்காகக் காத்திருக்கிறார், இரண்டாமவர் காத்திருப்பதில்லை.

ஊர் திரும்பிய குடும்பத்துக்கு மிகவும் ஆபத்தான நாட்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள். குழாய் நின்றதும் எடை குறையும். இது எதிர்பார்த்ததுதான், கிராட்ஸ் முறையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் பார்க்க வருகிறவர் முதல் வார்த்தையாக “என்ன இப்படி இளைத்துப் போய்விட்டது?” என்று கேட்டுவிடுகிறார். கேட்டவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தாய் அன்று இரவு தூங்க மாட்டாள். குற்றவாளிக் கூண்டில் நிற்பது எப்போதும் அவள்தானே! தகப்பனைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாக நான் அறியேன்.

அடுத்தது முதல் ஜுரம். சளி பிடித்தால் நன்றாகச் சாப்பிடும் குழந்தையே இரண்டு நாள் ஒன்றும் தொடாது. இந்தக் குழந்தை தொடாவிட்டாலோ வீடே கலங்குகிறது. வயிற்றுக் குழாயின் பொத்தானை உடனே எடுத்துவிட மாட்டார்கள், சில மாதம் விட்டுவைப்பார்கள். அது அங்கேயே இருக்கிறது. அலமாரியில் பால்மாவும் இருக்கிறது. “தூங்கும்போது நூறு மில்லி விட்டால் குழந்தைக்குத் தெரியவா போகிறது?” என்று யாராவது ஒருவர் சொல்வார். குழந்தைக்குத் தெரியாதுதான், வயிற்றுக்குத் தெரியும். காலையில் பசி இருக்காது. பசி இல்லாததால் சாப்பிடாது. சாப்பிடாததால் அன்று இரவு இருநூறு மில்லி. ஒரு வாரத்தில் பழைய கதைதான்.

அதற்காக, எது நடந்தாலும் குழாயைத் தொடாதே என்றும் சொல்லிவிட முடியாது. நாக்கு உலர்ந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டு போனால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். அந்தப் பொத்தான் அப்போது வரப்பிரசாதம். ஆகவே இப்படிப் போய்வருகிறவர்கள் அங்கே கிளம்புமுன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த எடைக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும், நாளைக்கு எத்தனை தடவையாவது சிறுநீர் போக வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடை பார்ப்பது, ஜுரத்தில் என்ன செய்வது, யார் சொன்னால் குழாயில் கொடுக்கலாம். அதன் ஒரு பிரதி இங்குள்ள குழந்தை மருத்துவரிடம், புறப்படுவதற்கு முன்பே அவரிடம் பேசிவைத்து, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடு இரவில் முன்பின் தெரியாத ஒரு டியூட்டி டாக்டர், எலும்பும் தோலுமாக ஒரு குழந்தையையும் வயிற்றில் ஒரு பொத்தானையும் பார்த்தால், பாலை ஊற்றத்தான் சொல்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் குழாயை நிறுத்திப் பார்க்கவும் வேண்டாம். விழுங்கினால் நுரையீரலுக்குள் போகிற குழந்தைகள் இருக்கிறார்கள். நரம்புக் கோளாறு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழாய்தான் உயிர். எந்தக் குழந்தைக்கு நிறுத்தலாம் என்பதை, விழுங்குவதைப் பரிசோதித்துப் பார்த்து டாக்டர்கள் சொல்ல வேண்டும்.

அந்தக் குழந்தைக்குக் குருவாயூரில் மறுபடி அன்னப்பிராசனம் செய்ய வேண்டும் என்று தாத்தாவுக்கு ஆசை. முதல் தடவை செய்தபோது சந்நிதியில் வாந்தி எடுத்துவிட்டதாம். தாராளமாகச் செய்யட்டும். இலை போட்டு, சாதம், நெய், சர்க்கரை, பழம் எல்லாம் வைத்து, மடியில் உட்கார்த்திக்கொண்டு சும்மா இருக்கட்டும். அதுவாக விரலை விட்டு நக்கினால் நக்கட்டும். நக்காவிட்டால் குருவாயூரப்பன் கோபித்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை உண்டு. பார்க்கப் போகிறவர்கள் டப்பாவைப் பெற்றோருக்காகக் கொண்டுபோங்கள். குழந்தையின் முன் திறக்காதீர்கள். அதன் எதிரே உட்கார்ந்து உங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள், பேசுங்கள், சிரியுங்கள். மற்றவர் தின்பதைப் பார்ப்பதே அதற்குப் பெரிய பாடம். தின்றால் கைதட்டாதீர்கள், தின்னாவிட்டால் ‘உச்’ கொட்டாதீர்கள். சிப்ஸும் ஊறுகாய்ச் சாறும் மட்டுமே பிடிக்கிறதென்றால் அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். காரசாரமாக, உப்பாக, மொறுமொறுப்பாகத்தான் பல குழந்தைகள் ஆரம்பிக்கிறார்களாம். சங்க விழாப் பந்தியில் அந்தக் குழந்தைக்கும் ஒரு இலை போடுங்கள். பரிமாறுகிறவர் எல்லாக் குழந்தைக்கும் வைப்பதுபோல் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

எல்லோராலும் ஆஸ்திரியா போக முடியாது என்பதும் உண்மை. நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. விழுங்குதல் பற்றிய பயிற்சி பேச்சுப் பயிற்சி நிபுணர்களின் படிப்பிலேயே சேர்ந்தது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் கழகம் 1960களிலிருந்து இருக்கிறது. இங்கே பந்த்ராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த குழந்தைகள் நலத் திட்டத்தில், வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளுக்காக மாவட்டந்தோறும் ஒரு மையம், அதில் டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் என்று வகுத்திருக்கிறார்கள். குழாயை விடப் பழக்க இந்த மூவரும் ஒன்றாக உட்கார வேண்டும். தனித்தனியாக நல்ல நிபுணர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். திங்கட்கிழமை ஒருவரிடமும் வியாழக்கிழமை இன்னொருவரிடமுமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் அலைவது தாய்தான்.

நம் மாதர் பிரிவு ஆண்டுதோறும் சமையல் போட்டி நடத்துகிறது. அடுத்த முறை போட்டி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி, இப்படிப்பட்ட ஒரு பேச்சுப் பயிற்சி நிபுணரை அழைத்துப் பேசச் சொல்லலாம். பேரக்குழந்தை உள்ளவர்கள் முதல் வரிசையில் உட்காரட்டும். செயலாளர் ஒப்புக்கொண்டால் ஆளைத் தேடிப் பிடிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.